ஒரு கட்டிப் பெருங்காயமும் ஒரு மேப்பிள் மரமும்

1. சாவு அறிவித்தல்

மார்ச் மாதத்தில் ஒரு காலை. கந்தோர் வாசலில் நின்று சப்பாத்தில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது.

“தங்கச்சி, அஹுன்ட்சிக்கிலையிருந்து சிவஞானம் கதைக்கிறன். என்ரை மரம் சாகுது. கெதியா வந்து பாருங்கோ.”

அஹுன்ட்சிக் மொன்றியலின் ஒரு பகுதி. நான் அந்த நகரத்தில் ஒரு மரம் வெட்டும் கொம்பனியில் எஸ்டிமேட் போடுகிற வேலை பார்த்தவள். மரம் சாகிறது என்று அழைப்பவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்கள் மாதிரித்தான் கதைப்பார்கள். சிவஞானம் அண்ணையின் குரலோ மகளுக்குச் சம்பந்தம் சரிவந்த தகப்பனின் குரல். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

“என்ன மாதிரிச் சாகுது அண்ணை?”

“தண்ணி தண்ணியா வடியுது. உள்ளுக்கை முழுக்க உக்கிப்போச்சு எண்டு நினைக்கிறன். இனி நகரசபைக்காரர் மறுக்கேலாது!”

“பின்னேரம் வாறன்,” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு, இளம் பிள்ளைகள் படிக்கத்தக்கதாக, மரங்களால் மனிதருக்கு உண்டாகும் பயன்கள் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். மரம் நிழல் தரும், மூச்சு தரும், வெள்ளத்தைத் தடுக்கும், மேசை கதிரை தரும் என்று நாலாம் வகுப்பில் எழுதிப் புள்ளி வாங்கியதை இந்த வயதில் திரும்ப எழுத எனக்கு அலுப்பு. அதெல்லாம் உண்மைதான். உண்மை என்பதற்காக யார் வாசிக்கப் போகிறார்கள்? அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரேயொரு மரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

நான் அந்தக் கொம்பனியில் சேர்ந்தது தொலைபேசி எடுக்க. முதலாளி ஜில், கியூபெக்காரர். தாடியும் வயிறும் ஒன்றுக்கொன்று போட்டி. கோபம் வந்தால் தேவாலயத்திலுள்ள பாத்திரம் பண்டம் எல்லாவற்றின் பெயரையும் வரிசையாகச் சொல்லித் திட்டுவார். இந்த ஊரில் அதுதான் கெட்ட வார்த்தை. எஸ்டிமேட் போடுகிறவர் ஒரு கோடையில் காலை முறித்துக்கொண்டபோது, “நீ போய்ப் பார், மரம் கடிக்காது,” என்று ஜில் என்னை அனுப்பிவிட்டார். பிறகு வகுப்புகளுக்குப் போய் ஒழுங்காகவே படித்தேன். ஆனால் மரத்தில் ஏறியது இரண்டே தடவை. இரண்டாவது தடவை என்னை இறக்கியது தீயணைப்புப் படை. அதற்குப் பிறகு தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

2. பயிற்றங்காய்ப் பகை

சிவஞானம் அண்ணை தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் வாங்கிய வீட்டின் பின்வளவில், மேற்குப் பக்கமாக, ஒரு வெள்ளி மேப்பிள் நின்றது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெள்ளையாக இருக்கும், அதனால் அந்தப் பெயர். அந்தத் தெருவில் தமிழர் யாரும் காலடி வைப்பதற்கு முன்பே நின்ற மரம்.

மனிதருக்குத் தோட்டப் பைத்தியம். பனி உருகுமுன்பே யன்னல் கரையெல்லாம் தயிர்க் கோப்பைகளில் கன்றுகள் நிற்கும். மே கடைசியில் நிலத்துக்கு இறங்கினால், அடுத்த குளிர் வருவதற்குள் கத்தரி, மிளகாய், பயிற்றங்காய் எல்லாம் காய்த்து முடிந்துவிட வேண்டும். இந்த ஊரில் வெயில் என்பது கொஞ்சக் காலத்துக்கு வந்துபோகிற விருந்தாளி. அந்த வெயிலில் பாதியை மேப்பிள் குடித்துவிடுகிறது என்பதுதான் அவருடைய வழக்கு.

அதைவிடப் பெரிய வழக்கு பக்கத்து ஊரான லாவாலில் இருந்தது. அங்கே அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பியின் வீடு. வளவில் மரம் என்று ஒன்றும் கிடையாது. அந்த மனிதர் ஒவ்வொரு பின்னேரமும் தன் பயிற்றங்காயைத் தன் கையோடு சேர்த்துப் பிடித்துப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். கீழே ஒரு வரியும் எழுதமாட்டார். எழுதாமல் விடுவதுதான் சிவஞானம் அண்ணையைக் கொன்றது.

“அவன்ரை காய் முழங்கை நீளம் தங்கச்சி. என்ரை காய் சுண்டுவிரல். ஏன்? எல்லாம் உந்தக் கோதாரி மரத்தாலை!”

மரத்துக்கு அந்த வீட்டில் இன்னொரு கட்சியும் இருந்தது. அவருடைய மனைவி பவளம் அக்கா. முந்திய வருஷம் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தவர். வெக்கை கூடாது என்பது டொக்டரின் கண்டிப்பான சொல். கீழ்வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவர்கள் இருந்த மேல்மாடி, வெயில் ஏறினால் பாண் சுடும் போறணை. ஏசி போட்டால் அவருக்கு இருமல் பிடித்துவிடும். இருமினால் தையல் போட்ட நெஞ்சு வலிக்கும். அதனால் சாப்பிட்டு முடிந்ததும் இறங்கிவந்து, மேப்பிளுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் பொழுது சாயும்வரை இருப்பார். கோடை முழுக்க அவர் மூச்சு விட்டது அந்தக் கதிரையில்தான்.

இலையுதிர் காலத்திலேயே அண்ணை நகரசபையில் பெர்மிட் கேட்டிருந்தார். வந்து பார்த்த உத்தியோகத்தர், மரம் நல்ல சுகமாக நிற்கிறது, செத்தாலோ ஆபத்தானாலோ மட்டும்தான் வெட்ட விடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். உடனே அண்ணை என்னை வீட்டுக்கு அழைத்தார்.

“மரத்துக்கு ஏதோ வருத்தம் எண்டு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லேலாதோ?”

“அண்ணை, உங்களைவிட அதுக்குப் பிரெஷர் நல்லாயிருக்கு.”

பவளம் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை. செத்தால் வெட்டலாம் என்று உத்தியோகத்தர் சொன்னது மட்டும் அவர் மண்டைக்குள் நன்றாக இறங்கிவிட்டது.

3. ரசம் மணக்கும் மரம்

பின்னேரம் போனேன். படலையைத் திறந்ததும் ரசம் மணத்தது. யாரோ சமைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மரத்துக்குக் கிட்டப் போனால், மணம் மரத்திலிருந்து வந்தது.

அடிமரத்தில், இடுப்பளவு உயரத்தில், விரல் போகும் அளவுக்கு ஒரு ஓட்டை. வாயெல்லாம் மண்ணிறக் களி. அதற்குள்ளிருந்து பளிங்கு மாதிரித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே பனிக்குமேல் ஒரு அலுமினியச் சட்டி.

“அண்ணை, உது என்ன ஓட்டை?”

“பூச்சி துளைச்சிருக்கும்.”

“பூச்சி ட்ரில் மெஷின் வைச்சிருக்கோ? கீழை கிடக்கிற தூளைப் பாருங்கோ. பெருங்காயமும் கையோடை கொண்டுவந்ததோ?”

அவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “ஊரிலை முருங்கைக்கு வைச்சால் பட்டுப்போகும் எண்டு சொல்லுவினம்…” என்றார்.

“ஒரு டப்பி முழுக்கவோ?”

“கட்டிப் பெருங்காயம். நல்ல சாமான்.”

எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. மார்ச் மாதத்தில் இரவு உறையும், பகல் உருகும். அப்போதுதான் மேப்பிளுக்குள் நீர் ஏறி இறங்கும். இந்த மாகாணத்துச் சனம் தலைமுறை தலைமுறையாக அதே மாதத்தில், அதே உயரத்தில், அதே அளவு ஓட்டை போட்டு, வாளி தொங்கவிட்டு, வடிகிற நீரைக் காய்ச்சிப் பாணி எடுக்கிறது. வெள்ளி மேப்பிளில் இனிப்புக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அந்தப் பாணியை இத்தனை வருஷமாக ரொட்டியில் ஊற்றித் தின்ற மனிதர், மரத்தைக் கொலை செய்யப் போய்ப் பால் கறந்து வைத்திருந்தார்.

“அண்ணை, மரம் சாகேல்லை. நித்திரையாலை எழும்புது.”

அவர் முகம் விழுந்ததைப் பார்க்க வேண்டும். பெர்மிட், வெயிலில் போட நினைத்த பயிற்றங்காய்ப் பந்தல், லாவால் மச்சானின் தோல்வி எல்லாம் ஒரே நொடியில் கைவிட்டுப் போனது.

இதற்குள் பவளம் அக்கா இரவு உடுப்புக்கு மேல் குளிர் கோட்டைப் போட்டுக்கொண்டு இன்னொரு சட்டியோடு வந்தார். நிரம்பியதை எடுத்துவிட்டு வெறுஞ்சட்டியை வைத்தார். முதியோர் சங்கத்துப் பஸ்ஸில் பாணி காய்ச்சும் இடத்துக்குச் சுற்றுலா போய் வந்தவர். அவருக்கு எல்லாம் தெரியும்.

“நேற்றுத் தொடக்கம் இது மூண்டாவது சட்டி. மனுசன் மரத்தைக் கொல்லப் பாக்குது, மரம் எனக்குத் தேத்தண்ணிக்குத் தண்ணி தருது. உள்ளுக்கு வாங்கோ, குடிச்சுப் பாருங்கோ.”

குடித்தேன். ரசத்துக்குள் சீனி தவறி விழுந்த மாதிரி இருந்தது. இன்றுவரை அப்படியொரு தேத்தண்ணீர் நான் குடித்ததில்லை. இனியும் குடிக்க விருப்பமில்லை.

கோப்பையைக் கீழே வைத்ததும் அக்காவின் சிரிப்பு நின்றது.

“இது மரத்துக்கு வைச்ச ஓட்டை இல்லைத் தங்கச்சி, எனக்கு வைச்சது. மரம் போனால் கோடையிலை நான் எங்கை போய் இருக்கிறது? ஜான்-டலோன் சந்தையிலை மீன் பெட்டி ஐசுக்கு மேலையோ?”

“ஏன், முன்வாசலிலை கதிரை போடலாம்தானே,” என்றார் அண்ணை.

“முன்வாசலிலை தார் உருகுது. நானும் சேர்ந்து உருகட்டோ?”

கடைசியில் அக்காவே தீர்ப்புச் சொன்னார். “ஒரு கொப்பு. ஒண்டே ஒண்டு. அதை வெட்டி வெயில் எடுங்கோ. அதுக்குப் பிறகு மரத்திலை கை வைச்சால் நான் ரொறன்ரோவுக்கு மகளிட்டைப் போறன். நீங்கள் பயிற்றங்காயோடை குடும்பம் நடத்துங்கோ.”

எந்தக் கொப்பு என்று பார்க்க வெளியே வந்தோம். நான் தெற்குக் கொப்பைக் காட்டினேன். அது போனால் பந்தலுக்கு மத்தியான வெயில் போதும். அவர் மேற்குக் கொப்பைக் காட்டினார். அதுதான் பெரியது, அது போனால் பின்னேரம் முழுக்க வெயில்.

“அதை எடுத்தால் பின்னேர வெயில் நேரை அக்காவின்ரை கதிரைக்கு வரும் அண்ணை. தள்ளிப் போட வேறை இடமும் இல்லை. மிச்சமெல்லாம் நீங்கள் பாத்தி கட்டிப்போட்டியள்.”

“கதிரையை நகத்தலாம் தங்கச்சி. பந்தலை நகத்தேலாது.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “அவர் கேக்கிறதை வெட்டுங்கோ. வெயில் வரேக்கை பாப்பம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

4. கொப்பு வீணாகவில்லை

ஜில்லிடம் விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. கொப்பு வெட்ட வந்த அன்று நேரே மரத்துக்குப் போய், ஓட்டைக்குள் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். பிறகு தேவாலயத்து நற்கருணைப் பெட்டியில் தொடங்கிக் கிண்ணம்வரை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, கண்ணீர் வரச் சிரித்தார்.

“உப்பு ஊத்தினவனைப் பாத்திருக்கிறன். செப்பாணி அடிச்சவனைப் பாத்திருக்கிறன். மசாலா போட்டவனை இப்பத்தான் பாக்கிறன்,” என்றார். அவர் சொன்னது பிரெஞ்சில். என் வாய்க்கு வருவது இப்படித்தான்.

இலை துளிர்க்குமுன் மேற்குக் கொப்பை இறக்கினோம். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இதுதான்: வெட்டியதோடு மரத்தின் வேலை முடிவதில்லை. நேரான கிளைகள் பந்தல் கால்களாயின. சுள்ளிகளைச் சிப்பர் மெஷினில் போட்டுத் துண்டாக்கி, அந்தச் சிராயைப் பாத்தியெல்லாம் பரப்பினோம். “என்ன தங்கச்சி, என்ரை தோட்டத்துக்குக் குப்பை கொட்டுறியள்,” என்று அண்ணை குதித்தார். அந்த ஜூனில் மழை பொய்த்தபோது, பக்கத்து வளவுகளில் நிலம் வெடிக்க, அவருடைய பாத்தி மட்டும் சிராய்க்குக் கீழே ஈரமாகவே கிடந்தது. அதற்குப் பிறகு அதைக் குப்பை என்று சொல்வதை விட்டுவிட்டார். கொப்பின் தடித்த பகுதியை ஜில் எங்கள் யார்டுக்குக் கொண்டுபோனார். அங்கே சின்னதாக ஒரு வாள் மெஷின் வைத்திருந்தார். தூண்களாகவும் சட்டங்களாகவும் அரிந்து, இடையிடையே குச்சி வைத்து, காற்றோட்டமாக அடுக்கிக் காயவிட்டார்.

“மரம் நிண்டாலும் உதவி, விழுந்தாலும் உதவி. மனுசர்தான் ரெண்டுக்கும் உதவாதுகள்,” என்பது ஜில்லின் தத்துவம். வேலையாட்கள் சிப்பருக்கு முன்னால் கைபேசி பார்த்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் இதைச் சொல்வார்.

5. ஒட்டேலுமோ?

ஜூலையில் வெக்கை அலை வந்தது. வானொலியில் மணிக்கு மணி எச்சரிக்கை. தெருவில் நாய்கூட இல்லை. அண்ணையின் பந்தலில் பயிற்றங்காய் முழங்கையைத் தாண்டித் தொங்கியது. கையோடு சேர்த்துப் படம் பிடித்து மச்சானுக்கு அனுப்பினார், எனக்கும் அனுப்பினார். கீழே ஒரு வரியும் இல்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி அடித்தது. குரலை முதலில் அடையாளம் பிடிக்க முடியவில்லை.

“தங்கச்சி… பவளம் கதிரையிலை இருந்தபடியே தலை சுத்திச் சரிஞ்சுபோனா. வெயில் நேரை முகத்திலை. நான் அங்காலை காய் ஆய்ஞ்சுகொண்டு நிண்டன், காணேல்லை. அம்புலன்ஸ்காரர் வந்து பாத்தாங்கள். வெக்கைதானாம். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டன் எண்டு அடம்பிடிக்கிறா. இவ்வளவு நேரமும் அவையின்ரை வண்டிக்குள்ளை குளிராக்கி வைச்சிருந்தவை, இப்ப போயிட்டினம். மேலை வீட்டுக்குள்ளையும் வைச்சிருக்கேலாது, நெருப்பு.”

“இப்ப எப்பிடியிருக்கிறா?”

“கதைக்கிறா. என்னை ஏசுறா. தங்கச்சி, அந்தக் கொப்பைத் திரும்ப ஒட்டேலுமோ?”

இந்த வேலையில் நான் கேட்காத விசர்க் கேள்வி இல்லை. இலை கொட்டாமல் நிறுத்த ஊசி இருக்கா என்று கேட்டிருக்கிறார்கள். மரத்தைப் பக்கத்து வீட்டுக்காரரின் வளவுக்குத் தள்ளி வைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சிரித்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு மட்டும் சிரிக்கவில்லை. அந்த மனிதர் பகிடி விடவில்லை. ஒட்டலாம் என்று நான் சொன்னால் நம்பியிருப்பார்.

ஜில்லிடம் சொன்னேன். தாடியைச் சொறிந்தார்.

“ஒட்டலாம் எண்டு சொல்லு.”

“என்ன?”

“சொல்லு. வாறம் எண்டு சொல்லு.”

யார்டுக்குப் போய், காயப்போட்ட அடுக்கிலிருந்து அந்த மேப்பிளின் தூண்களையும் சட்டங்களையும் இழுத்து டிரக்கில் ஏற்றத் தொடங்கினார்.

“இன்னும் காயேல்லை ஜில். வளைஞ்சு முறுகும்.”

“முறுகட்டும். பலகை காயுமட்டும் வெயில் காத்துக்கொண்டிருக்குமோ?”

நாங்கள் படலையைத் திறந்தபோது பந்தல் அதன் இடத்தில் இல்லை. நிலத்தில் நாலு குழி. சிவஞானம் அண்ணை பந்தல் கால்களைப் பிடுங்கி, வலையும் கொடியும் காயுமாக முழுசாக இழுத்துவந்து, பவளம் அக்காவின் கதிரைக்கு மேலே சாய்த்து, ஒரு பக்கம் மரத்தோடும் மறுபக்கம் உடுப்புக் காயப்போடும் கொடிக்கம்பத்தோடும் கட்டியிருந்தார். இலை இல்லாத இடத்தை மறைக்கத் தன் கோயில் வேட்டியை மேலே விரித்திருந்தார். ஏணியில் நின்ற அவருக்கு உடம்பில் சாரம் மட்டும்தான், வியர்வை ஓடியது. கீழே அக்கா குளிர்தண்ணீர்ப் பேசினுக்குள் கால் வைத்தபடி இருந்தார். மூக்குக்கு முன்னால் பயிற்றங்காய்கள் தொங்கின.

“அண்ணை, வேர் எல்லாம் அறுந்துபோச்சு. நாளைக்கு வாடிப்போகும்.”

“தெரியும். நாளைமட்டும் நிழல் தரும்தானே. பேந்து பாப்பம்.”

“காயெல்லாம் பழுதாப்போச்சு, வேண்டாம் வேண்டாம் எண்டு கத்தினனான்,” என்றார் பவளம் அக்கா. “கேட்டால்தானே. விசர் மனுசன். சுத்த விசர் மனுசன்.” திட்டிக்கொண்டே அழுதார். அண்ணை ஏணியிலிருந்து இறங்கவேயில்லை. வேட்டியின் நுனியை இன்னும் ஒரு தடவை இழுத்துக் கட்டினார்.

ஜில் கொப்பு போன மேற்குப் பக்கத்தில் நாலு கால் நட்டார். மேலே சட்டங்களை நெருக்கமாக அடித்தார். பொழுது சாய்வதற்குள், வெயில் எந்த இடைவெளியால் வந்ததோ அந்த இடைவெளியில், அதே கொப்பின் மரம் திரும்ப நின்றது. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, “ஒட்டியாச்சு,” என்றார். நான் மொழிபெயர்த்தேன். அண்ணை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் சொன்னார். அது “மெர்சி” என்ற ஒரு சொல்தான். அதை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

6. எஸ்டிமேட் போடப் போகும் பிள்ளைகளுக்கு

அந்தச் சட்டம் நான் சொன்னபடியே முறுகியது. ஒரு கால் இப்போது தெருவைப் பார்க்கிறது. ஆனால் நிற்கிறது. அடுத்த கோடையில் அண்ணை பயிற்றங்காயை அதன் அடியிலேயே நட்டார். கொடி மேற்கு வெயிலைப் பார்த்து ஏறிக் கூரையை மூடிவிட்டது, கீழே கதிரை. பவளம் அக்கா எழும்பாமலே காய் ஆய்வார். ஆய்ந்த காயோடு அவரையும் சேர்த்துப் படம் பிடித்து அண்ணை லாவாலுக்கு அனுப்பினார். மச்சான் அன்றைக்குத்தான் முதல்தடவையாக ஒரு வரி எழுதினாராம்: “அக்கா நல்லா வந்திட்டா.” பெருங்காய ஓட்டையை மரப்பட்டை மூடிவிட்டது. மார்ச் வந்தால் அண்ணையே வேறு இடத்தில் சுத்தமாகத் துளைத்துச் சட்டி தொங்கவிடுகிறார். மசாலா இல்லாமல்.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் பட்டையைப் பார்க்கிறார்கள், வேரைப் பார்க்கிறார்கள், அளவுநாடா பிடித்துச் சுற்றளவு எடுக்கிறார்கள். எல்லாம் சரி, செய்யத்தான் வேண்டும். நான் அந்த ஜூலைக்குப் பிறகு எந்த வளவுக்குப் போனாலும் முதலில் மரத்தைப் பார்த்ததில்லை. கீழே கதிரை கிடக்கிறதா என்று பார்ப்பேன். கிடந்தால், அளவுநாடாவை வெளியே எடுக்குமுன் வீட்டுக்காரரிடம் ஒரேயொரு கேள்வி கேட்பேன்: “இதிலை ஆர் இருக்கிறது?”

அதற்குப் பதில் சொல்லத் தொடங்கியவர்களில் பலர் பிறகு மரத்தை வெட்டவில்லை. என்னால் வேலைகள் கைநழுவிப் போவதைப் பார்த்து ஜில் தேவாலயத்தையே தலைகீழாகக் கவிழ்த்துத் திட்டுவார். அந்தக் கேள்வியைக் கேட்காதே என்று மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.